பாட்டு யாருக்குக் கொடுத்தார்கள்? பிராட்வே இசை நாடகங்களில் தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள்

2025 மார்ச் 2

வாசகர் ஒருவர் கேட்டது: "நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளுக்கு இசை நாடகம் எழுதியவர்களில் எத்தனையோ பேர் தன்பாலீர்ப்பாளர்கள். டிக்கெட் வாங்கி வருகிறவர்களிலும் அவர்கள் நிறைய. அப்புறம் அந்த மேடையில் அவர்களுக்கு இடமில்லாமல் இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

எழுதினவர் வேறு, மேடையில் நிற்கிறவர் வேறு. கோல் போர்ட்டரும் லோரென்ஸ் ஹார்ட்டும் எழுதிய காதல் பாட்டுகளை அமெரிக்கக் கல்யாணங்களில் இன்றைக்கும் பாடுகிறார்கள். இருவருமே ஆண்களைக் காதலித்தவர்கள். அவர்களுடைய நாடகங்களில் அந்தப் பாட்டுகளை ஆண் பெண்ணுக்குப் பாடினான், பெண் ஆணுக்குப் பாடினாள். 1957-இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யைப் பாருங்கள். பெர்ன்ஸ்டைன், சோண்டைம், லாரன்ட்ஸ், ராபின்ஸ் என்று அதை உருவாக்கிய நால்வரும் தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உள்ளவர்கள். காதல் என்னவோ டோனிக்கும் மரியாவுக்கும்.

வெறும் பயம் மட்டும் காரணமில்லை, சட்டமே இருந்தது. 1927-இல் நியூயார்க் மாநிலம் போட்ட சட்டத்தின்படி 'பாலியல் பிறழ்வு' காட்டும் நாடகம் போட்டால் அரங்கத்தையே பூட்டிவிடலாம். பேரே பூட்டுச் சட்டம்தான். ஐம்பதுகள் வரை அது இருந்தது. ஒரு நாடகத்துக்காக அரங்கம் பூட்டப்பட்டால் முதலாளியிலிருந்து திரை இழுக்கிறவர் வரை எல்லோருக்கும் பிழைப்பு போச்சு. யார் எழுதுவார்கள்?

நான் ஒவ்வொரு நாடகத்தையும் மூன்று கேள்வி வைத்துப் பார்ப்பேன். அந்தப் பாத்திரத்துக்குப் பாட்டு உண்டா? யாரைப் பார்த்துப் பாடுகிறது? திரை விழும்போது உயிரோடு இருக்கிறதா?

2025 மார்ச் 3

இரண்டு திருத்தம்.

பூட்டுச் சட்டம் ஐம்பதுகள் வரை என்று நேற்று எழுதியது தப்பு. 1967-இல்தான் எடுத்தார்கள். முழுசாக 40 வருஷம்.

அடுத்தது, "பாட்டு உண்டா" என்று மட்டும் கேட்டால் போதாது. 1941-இல் 'லேடி இன் த டார்க்' வந்தது. அதில் ரஸ்ஸல் பாக்ஸ்டன் என்று ஒரு ஃபேஷன் பத்திரிகைப் புகைப்படக்காரர். நடையிலும் கையசைவிலும் அவர் யாரென்று பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும், வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள். டேனி கே நடித்தார். அவருக்குப் பாட்டு உண்டு, அரங்கையே அதிர வைத்த பாட்டு. ரஷ்ய இசையமைப்பாளர்கள் ஏறக்குறைய 50 பேரின் பெயரை ஒரு நிமிஷத்துக்குள் மூச்சுவிடாமல் அடுக்குகிறார். நாக்கு சுழலும் வேகத்துக்குக் கைதட்டலாம். அந்த மனுஷனைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

2025 மார்ச் 5

'எ கோரஸ் லைன்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைச் சுருக்கமாக எழுத எனக்கு வராது.

1974 ஜனவரியில் மைக்கேல் பென்னட், நடனக்காரர்களை உட்காரவைத்து அவரவர் வாழ்க்கையைப் பேசச் சொல்லி டேப்பில் பதிவு செய்தார். அதிலிருந்து பிறந்த நாடகம். 1975-இல் மேடையேறி 1990 வரை 6,137 காட்சி ஓடியது. ஒரு நாடகத்தின் கூட்டாட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், வரிசையாக நிற்கிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கதை. ஒவ்வொருவரும் பாடியும் ஆடியும் சொல்கிறார்கள். பால் மட்டும் சொல்ல மறுக்கிறான்.

கடைசியில் மற்றவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு இயக்குநர் அவனைத் தனியாகக் கேட்கிறார். பால் பேசுகிறான். பின்னணி இசைகூட இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டது, பெண் வேஷம் போடும் குழு ஒன்றில் சேர்ந்தது, வீட்டுக்குத் தெரியாமல் மறைத்தது. குழு வெளியூர் கிளம்பும் நாள் அப்பாவும் அம்மாவும் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போக வருகிறார்கள். ஆட்டம் முடிந்து வரவேண்டியவர்கள் முன்னாலேயே வந்துவிடுகிறார்கள். முழு வேஷத்தோடு படி இறங்குகிறவன் அவர்களைக் கடந்து போகிறான். அம்மா அடையாளம் கண்டுகொள்ளும் சத்தம் கேட்கிறது. எப்படியோ ஆட்டத்தை முடித்துவிட்டு வெளியே வந்தால் இருவரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். அப்பா குழுத் தலைவரிடம் சொல்கிறார், என் மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதுவரை அவர் அவனை மகன் என்று சொன்னதே இல்லை.

இது நாடக ஆசிரியர்களில் ஒருவரான நிக்கோலஸ் டான்டேயின் சொந்தக் கதை. டேப்பில் அவரே சொன்னது. அவர் 1991-இலும் பென்னட் 1987-இலும் எய்ட்ஸால் போனார்கள்.

நியூஜெர்சியில் ஒரு கல்லூரி மாணவர்கள் போட்டதை முதலில் பார்த்தேன். பாலாக நின்ற பையனுக்கு இருபது வயதிருக்கும். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பனியனின் கீழ் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டே பேசினான். என்னோடு வந்தவர்களிடம் வெளியே வந்து கோபமாகச் சொன்னேன், "எல்லோருக்கும் பாட்டு, இவனுக்கு மட்டும் பேச்சா?" என்று. அடுத்த காட்சியிலேயே முட்டி மடங்கி விழுந்து அவன் போட்டியிலிருந்தே போய்விடுவது இன்னும் எரிச்சல்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. இரண்டு மணி நேரம் நிற்காத இசை அவன் ஒருவனுக்காக நிற்கிறது. முட்டி விஷயத்தில் மட்டும் கோபம் அப்படியே இருக்கிறது.

2025 மார்ச் 9

'லா காஜ் ஓ ஃபால்' கேட்டவருக்கு.

1983 ஆகஸ்டில் பாலஸ் அரங்கில் தொடங்கி 1,761 காட்சி. பாட்டும் இசையும் ஜெர்ரி ஹெர்மன், வசனம் ஹார்வி ஃபயர்ஸ்டைன். தெற்கு பிரான்சில் ஒரு கேளிக்கை விடுதி நடத்தும் ஜார்ஜும், அங்கே பெண் வேஷத்தில் ஆடும் ஆல்பினும் இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார்கள். வளர்த்த பையனுக்குக் கல்யாணப் பேச்சு வருகிறது. சம்பந்தி வீட்டார் வரும் நாளில் ஆல்பின் வீட்டில் இருக்கக்கூடாது என்கிறான் பையன். தூக்கி வளர்த்தவரைச் சம்பந்தி கண்ணில் காட்டாமல் ஒளித்துவைப்பது. இந்த அவமானத்தை நம்மூர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம்.

அதைக் கேட்ட கையோடு ஆல்பின் பாடுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பாட்டு, நான் நானாகத்தான் இருப்பேன் என்கிற பாட்டு. பாடி முடித்து டோப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டுப் பார்வையாளர் நடுவே நடந்து வெளியேறுகிறார். இடைவேளை.

இதை ரொம்ப நாள் 'பத்திரமான நாடகம்' என்று பேசித் திரிந்தேன். பளபளப்பும் சிரிப்பும் காட்டிக் கசப்பை இனிப்பில் பொதிந்து கொடுக்கிறார்கள் என்பேன். இப்போது அதை எழுதக் கை வரவில்லை. எய்ட்ஸ் என்று அந்த நோய்க்குப் பெயர் வைத்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. செய்தித்தாளில் இந்த மனிதர்கள் நோயாகவே வந்துகொண்டிருந்த நேரம். அப்போது பாலஸ் அரங்கில் ஒரு நடுவயது ஆண் இன்னொரு நடுவயது ஆணைப் பார்த்து, கடற்கரை மணலில் நடந்த பழைய நாளை நினைத்துக் காதல் பாட்டுப் பாடினார்.

அந்தப் பாட்டை ஒருமுறை கேளுங்கள். அன்றைக்கு யாரோ பாடிய ஒரு பாட்டை ஜார்ஜ் நினைவுபடுத்திப் பார்க்கிறார். வார்த்தை மறந்துபோச்சு. மறந்த இடத்தையெல்லாம் லா லா என்று ராகமாக இழுத்துக்கொண்டு போகிறார். மெட்டு மட்டும் நினைவிருக்கிறது. நெடுநாள் தம்பதி எவரும் இப்படித்தான் பழசைப் பேசுவார்கள். கைதட்டல் ஆல்பினுக்குப் போகட்டும், எனக்கு ஜார்ஜ் பாட்டு போதும். என் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்.

2025 மார்ச் 10

"நம்ம ஸ்திரீபார்ட் மாதிரிதானே?" என்று கேட்டவருக்கு: இல்லை. ஸ்திரீபார்ட் நடிகர் வள்ளியாக வந்தால் நாம் பார்ப்பது வள்ளியை. மேடையில் அந்தப் பாத்திரம் பெண்தான். ஆல்பினோ பெண் வேஷம் கட்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஓர் ஆண் என்றே கதையில் வருகிறார். அந்தத் தொழிலுக்காகவும் அந்தக் குடும்பத்துக்காகவும் அவமானப்படுகிறவர். நடிகர் யார் என்பதும் பாத்திரம் யார் என்பதும் இரண்டு தனிக் கேள்வி.

2025 மார்ச் 12

'காபரே' பற்றி யாரும் கேட்கவில்லை, மனசில் வந்ததால் எழுதுகிறேன். கிறிஸ்டோபர் இஷர்வுட்டின் பெர்லின் கதைகளிலிருந்து வந்தது. இஷர்வுட் தன்பாலீர்ப்பாளர். 1966-இல் மேடையேறியபோது அவர் சாயலில் வரும் கிளிஃப் பெண்ணை மட்டும் விரும்புகிறவனாகிவிட்டான், அவனுக்கு ஒரு காதல் தனிப்பாட்டும் இருந்தது. 1987-இல் மறுபடி போட்டபோது இருபாலீர்ப்பு உள்ளவனாக மாற்றினார்கள். 1998-இல் அதை ஒளிவுமறைவில்லாமல் காட்டினார்கள். 1966-இல் இருந்த தனிப்பாட்டு அதில் இல்லை. வேறு காரணத்துக்காக வெட்டியிருக்கலாம், ஆனாலும் உண்மையைச் சொல்ல அனுமதி கிடைத்த நேரத்தில் பாட்டு போய்விட்டதே என்று இருந்தது.

2025 மார்ச் 16

'ரென்ட்'. இதில் எனக்குத் தீராத ஒரு வருத்தம்.

ஜோனதன் லார்சன் எழுதியது. 1996 ஜனவரி 25, முதல் முன்னோட்டக் காட்சிக்கு முந்தைய விடியலில் பெருந்தமனி கிழிந்து 35 வயதில் இறந்தார். பிராட்வேயில் 5,123 காட்சி ஓடியதில் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை.

கதைக்கு மூலம் புச்சினியின் 'லா போஎம்' என்ற 1896 ஓபரா. அதில் மிமி காசநோயில் சாகிறாள். இசைக்காரன் ஷோனார்டுக்கு ஒன்றும் ஆகாது. 'ரென்ட்'டில் மிமி மிமியாகவே வருகிறாள், ஷோனார்டின் இடத்தில் ஏஞ்சல் வருகிறாள். ஆணாகப் பிறந்து பெண் உடையில் வருகிறவள், தெருவில் தட்டு வாத்தியம் அடித்துப் பிழைப்பவள், கையில் காசு வந்தால் நண்பர்களுக்குக் கொடுக்கிறவள். முடிவில் மிமி சாவின் விளிம்புக்குப் போய்க் கண் விழிக்கிறாள். ஏஞ்சல் எய்ட்ஸில் செத்துப்போகிறாள். ஓபராவில் பிழைத்தவரை இங்கே சாகவிட்டு, அங்கே செத்தவளை இங்கே பிழைக்கவைத்தார் லார்சன். மூன்றாவது கேள்வி இந்த நாடகத்திலிருந்துதான் எனக்குள் வந்தது.

ஆனால் பாட்டைப் பாருங்கள். ஏஞ்சலும் அவளுடைய காதலன் காலின்ஸும் தெருவில் ஆடிக்கொண்டே பாடும் காதல் பாட்டு நாடகத்திலேயே சந்தோஷமான பாட்டு. சவ அடக்கத்தில் அதே பாட்டைக் காலின்ஸ் தனியாகப் பாடுகிறார், மெதுவாக. முதலில் இரண்டு குரலாகக் கேட்டதால்தான் இரண்டாம் முறை ஒரு குரல் குறைவது நெஞ்சை அடைக்கிறது.

2025 மார்ச் 17

ஏஞ்சலை நான் 'அவள்' என்று எழுதினேன். பதில் எழுதியவர் 'அவன்' என்கிறார். நாடகத்திலேயே இரண்டும் வருகிறது. ஆங்கிலத்தில் அவர்களுக்கு இது பெரிய தலைவலி. நம்மிடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக 'அவர்' இருக்கிறது, மரியாதையும் சேர்ந்தே வருகிறது. இனிமேல் ஏஞ்சல் அவர்.

எய்ட்ஸுக்கான கூட்டு மருந்துகள் பரவியதே 1996-ஐ ஒட்டித்தான் என்று நினைவூட்டியவருக்கு நன்றி. லார்சன் எழுதிக்கொண்டிருந்த வருஷங்களில் அவருடைய நண்பர்கள் நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தார்கள். ஏஞ்சலின் சாவு பொய்யில்லை. அவர் மட்டும் செத்ததுதான் என் வருத்தம்.

2025 மார்ச் 23

'ஃபன் ஹோம்' பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சொந்த விஷயம் கலந்தது.

2015 ஜூலையில் தங்கையோடு போய்ப் பார்த்தேன். ஒரே பாலினத்தவர் திருமணம் நாடு முழுக்கச் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜூன் 26-இல் தீர்ப்பு சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை. தங்கை தன்னைப் பற்றி எனக்குச் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியாது. அப்பா அந்த பிப்ரவரியில் தவறிவிட்டார்.

50-ஆம் தெருவில் 'சர்க்கிள் இன் த ஸ்கொயர்' அரங்கம். தரைக்குக் கீழே படி இறங்கிப் போகவேண்டும். நடுவில் மேடை, சுற்றிலும் இருக்கை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகம் நாடகத்துக்குப் பின்னால் தெரிந்துகொண்டே இருக்கும்.

அலிசன் பெக்டல் தன் வாழ்க்கையைச் சித்திரங்களாக வரைந்த நூல் 2006-இல் வந்தது. அதை இசை நாடகமாக்கியவர்கள் ஜனீன் டெசோரியும் லிசா க்ரோனும். பெண்கள் மட்டுமே சேர்ந்த ஒரு குழுவுக்கு, இசைக்கான டோனி என்ற பிராட்வே விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர். அப்பா பள்ளி ஆசிரியர், சவ அடக்க நிலையமும் நடத்துகிறார். அந்த நிலையத்துக்குப் பிள்ளைகள் வைத்த செல்லப் பெயர்தான் தலைப்பு. மகள் கல்லூரிக்குப் போய்த் தான் லெஸ்பியன் என்று கடிதம் எழுதுகிறாள். அப்பாவும் ஆண்களை விரும்புகிறவர், ஆயுசு முழுக்க மறைத்தவர் என்று அப்புறம் தெரிகிறது. சில மாதத்தில் லாரி மோதிச் சாகிறார். அலிசன் மூன்று பேராக மேடையில் இருக்கிறாள்: சிறுமி, கல்லூரிப் பெண், 43 வயதுக்காரி.

சிறுமி அப்பாவோடு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். சாமான் இறக்க ஒரு பெண் உள்ளே வருகிறாள். குட்டை முடி, முரட்டுத் துணியில் பேண்ட், கயிறு கட்டிய பூட்ஸ், இடுப்பில் சாவிக்கொத்து. சிறுமி பாட ஆரம்பிக்கிறாள். வாக்கியம் எதுவும் முடிவதில்லை. தொடங்குகிறாள், நிறுத்துகிறாள், வேறு சொல் தேடுகிறாள். அந்த வயதில் அதற்குச் சொல் கிடையாது. அந்தப் பெண்ணை நாம் பார்ப்பதும் இல்லை, சிறுமி பார்க்கிற திசையைத்தான் பார்க்கிறோம். எதிர் வரிசையில் நரைத்த குட்டை முடியோடு ஒரு பெண்மணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். திரும்பினால் தங்கை கன்னத்தில் கண்ணீர்.

அந்த வாரம் போனில் அம்மாவிடம் நாடகம் பார்த்ததைச் சொன்னேன். இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு பொம்பளை வருவா, அதைப் பார்த்து இந்தக் குட்டிப் பொண்ணு பாடும் என்றேன். "மாமியாரா?" என்றார் அம்மா. அவருக்குச் சாவிக்கொத்து என்றால் வீட்டை ஆள்கிறவள். கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "எங்க அப்பாயி நடந்து வந்தா சாவிச் சத்தம் முன்னால வரும். நாங்கல்லாம் எழுந்து நிப்போம். நானும் ஒருநாள் அப்படி நடக்கணும்னு இருக்கும்." நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பாட்டு அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

2025 மார்ச் 25

பெண்கள் கதை இது ஒன்றுதானா என்று கேட்கிறீர்கள். 2005-இல் 'த கலர் பர்ப்பிள்'. செலியும் ஷக்கும் சேர்ந்து பாடும் காதல் பாட்டோடு முதல் பாதி முடிகிறது. கறுப்பினப் பெண்கள் இருவர், அதுவும் பெரிய அரங்கில். அதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்! 2018-இல் 'த ப்ராம்'. அந்த வருஷ நன்றிதெரிவித்தல் நாள் ஊர்வலத்தின் நேரலையில் இரண்டு நடிகைகளும் முத்தமிட்டு நாடே பார்த்தது. நாடகம் சுமார், முத்தம் நல்லது.

2025 ஏப்ரல் 8

வில்லியம் ஃபின் நேற்று இறந்துவிட்டார். வயது 73.

காலையிலிருந்து அவருடைய 'ஃபால்செட்டோஸ்' கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1981-லும் 1990-லும் தனித்தனியாக வந்த இரண்டு சின்ன நாடகங்கள் சேர்ந்து 1992-இல் பிராட்வேக்கு வந்தது. மார்வின் மனைவியையும் மகனையும் விட்டு விஸ்ஸர் என்ற ஆணோடு வாழப்போகிறான். எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கவும் ஆசைப்படுகிறான். யாரும் நல்லவரில்லை, யாரும் கெட்டவரில்லை. எல்லோருக்கும் பாட்டு உண்டு, பக்கத்து வீட்டு லெஸ்பியன் தம்பதிக்கும் சேர்த்து. அதில் ஒருத்தி மருத்துவர். 1981-இல் நடக்கும் இரண்டாம் பாதியில், இளைஞர்கள் நோயாக வருகிறார்கள், என்னவென்று புரியவில்லை என்று பாடுகிறாள். நோயின் பெயர் நாடகம் முழுக்க ஒரு தடவைகூட வராது. அந்த வருஷம் அதற்குப் பெயரே இல்லையே.

விஸ்ஸர் விளையாடிக்கொண்டிருக்கும்போது தளர்ந்து விழுகிறான். மார்வினின் மகன் ஜேசனுக்கு, யூதப் பையன்களுக்குச் செய்கிற 13 வயதுச் சடங்கு செய்யவேண்டும். எங்கே, எப்படி என்று பெற்றவர்களுக்குள் நாடகம் முழுக்கச் சண்டை. கடைசியில் பையனே முடிவு செய்து ஆஸ்பத்திரி அறைக்கு எல்லோரையும் கூட்டிவருகிறான். விஸ்ஸர் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் சடங்கு நடக்கிறது.

அதன்பின் விஸ்ஸர் இல்லை. மார்வின் தனியாக நின்று, நீ என் வாழ்க்கையில் வந்திருக்காவிட்டால் நான் என்னவாகியிருப்பேன் என்று கேட்கிறான். விஸ்ஸர் வந்து கூடச் சேர்ந்து பாடுகிறான். 2016-இல் மறுபடி போட்டதைப் பொதுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் எழுந்து சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 2-இல் நான் வைத்த மூன்றாவது கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். செத்தவன் பாடுகிறான். காலின்ஸ் தனியாகப் பாடியதும் அங்கே ஏஞ்சல் இல்லாமலில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தவன், அவரை யார் எப்படித் தேடுகிறார்கள் என்று கேட்டிருக்கவேண்டும்.

2025 ஏப்ரல் 13

தங்கை இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று போன் பண்ணினாள்.

"அண்ணா, ஒண்ணு தப்பா எழுதியிருக்கே. சாவிக்கொத்துப் பாட்டுக்கு நான் அழலை. அது கடைசியில, கார் காட்சியில."

நான் இரண்டையும் கலந்து நினைவில் வைத்திருக்கிறேன். கார் காட்சி இதுதான்: கல்லூரியிலிருந்து வந்த மகளை அப்பா காரில் கூட்டிப்போகிறார். இருவருக்கும் ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியும். அதுவரை அந்த வயதுக்குக் கல்லூரிப் பெண்தான் மேடைக்கு வருவாள். இந்த ஒரு காட்சியில் 43 வயதுக்காரியே அப்பா பக்கத்தில் போய் உட்காருகிறாள். ஒவ்வொரு தந்திக் கம்பமாகப் பின்னால் போகிறது. இப்போது சொல், அடுத்த விளக்கில் சொல் என்று தனக்குத்தானே பாடிக்கொள்கிறாள். வீடு வந்துவிடுகிறது.

2014 டிசம்பரில் நாங்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போனோம். திருச்சி விமான நிலையத்துக்கு அப்பாவே கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தங்கை முன்சீட்டில், நான் பின்னால். துவாக்குடி தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். அப்புறம் செங்கிப்பட்டியில் என்று தள்ளிப்போட்டாளாம். வல்லம் வரும்போது அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு, "சொல்லும்மா" என்றாராம்.

"ஒண்ணுமில்லப்பான்னேன். நீ நல்லாத் தூங்கிட்டிருந்தே" என்றாள்.

நான் தூங்கவில்லை. அவர்கள் பேசட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அப்பா "சொல்லும்மா" என்றது எனக்கும் கேட்டது. பத்து வருஷம் கழித்து நேற்றுதான் அதை அவளிடம் சொன்னேன்.